அரை மணி நேரக் காவல்

மூக்குக்குக் கீழே ஏதோ ஊர்ந்தது. கொசுவாக இருக்கும் என்று தட்டிவிட்டேன். கையில் பட்டது கொசு இல்லை, இவருடைய ஆள்காட்டி விரல். கண்ணைத் திறந்தால், முழங்கையை ஊன்றி என் மேல் குனிந்தபடி இருக்கிறார். நான் விழித்துக்கொண்டது தெரிந்ததும் கையை மெல்ல இறக்கி, போர்வையை என் தோள்வரைக்கும் இழுத்துவிடுகிற மாதிரி ஒரு பாவனை. குளிருதோ என்று பார்த்தாராம். புழுக்கம் தாங்காமல் நானே காலால் உதைத்துத் தள்ளியிருந்த போர்வை அது. பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டதில் இது ஒரு வசதி, குறுக்கு விசாரணை தேவைப்படாது. மணியைப் பார்த்தேன். படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இது மூன்றாவது தடவை.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு மாதம் ஆகிறது. எனக்கு நாற்பத்தொன்பது வயது, இவருக்கு ஐம்பத்தைந்து. நான் ஒன்றும் கல்யாணமே வேண்டாம் என்று சபதம் போட்டவள் இல்லை. அது பாட்டுக்குத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது, ஒரு கட்டத்துக்கு மேல் கேட்கிறவர்களும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். டிரைவிங் ஸ்கூலில் இருபது வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறேன். எங்கள் காரில் எனக்கும் ஒரு பிரேக் உண்டு. பக்கத்தில் இருப்பவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துப் போயிருக்கும்போது, நான் சும்மா வேடிக்கை பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டு, காலை மட்டும் அந்தப் பிரேக்கின் மேல் வைத்திருக்க வேண்டும். இவர் என்னிடம் படிக்க வந்தவர்தான். பொது நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, குளிக்க வந்தவர்கள் யாரும் முங்கிப்போகாமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம். பத்து நொடிக்கு ஒரு தரம் குளத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கண்ணை ஓட்டி, தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டுமாம். காரிலும் அதையேதான் செய்தார். ரோட்டை விட்டுவிட்டு மூன்று கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். இங்கே யாரும் முங்கிப்போக மாட்டார்கள், முன்னால் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது. மூன்று தடவை தேர்வில் கோட்டைவிட்டார். நான்காவது தடவை லைசென்ஸ் வாங்கிய கையோடு என்னிடம் வந்து, கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டார். இன்றைக்கும் என்னைக் கூப்பிடுவது டீச்சர் என்றுதான்.

இவருடைய முதல் மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் அக்கா என்றுதான் சொல்வேன், பார்த்ததில்லை என்றாலும். அக்கா ஒரு ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டார் என்கிற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். கொடுத்துவைத்தவள், நோய் நொடி என்று படுக்காமல் போனாள் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்களாம். அதற்கு மேல் இவரும் சொன்னதில்லை, நானும் நோண்டியதில்லை. தனியாக இருந்த ஐந்து வருஷமும் படுத்தால் கட்டைதான், இடி விழுந்தாலும் தெரியாது என்பார். பக்கத்தில் நான் ஒருத்தி வந்து படுத்த பிறகுதான் தூக்கம் போயிருக்கிறது. கல்யாணமான புதிதில் இதை நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு வெட்கப்பட்டேன். அந்தக் கூத்தை இப்போது சொல்ல வேண்டாம்.

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். டாக்டரிடம் போய் உச்சி முதல் உள்ளங்கால்வரை எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டேன். முப்பது வயதுக்காரியின் இதயம் என்று எழுதிக்கொடுத்தார் புண்ணியவான். ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து இவர் மடியில் போட்டேன். இரண்டு ராத்திரி நிம்மதி. மூன்றாம் நாள் விரல் வந்துவிட்டது. அது பரிசோதனை செய்த அன்றைய நிலவரம்தானே என்றார். சரி என்று ஹாலில் போய்ப் படுத்தேன். ராத்திரி அறைவாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தவரைத் திருடன் என்று நினைத்து நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள். தூங்குவதற்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அட்டையைப் பிரிக்கவே இல்லை. போட்டால் அசந்து தூங்கிவிடுவேனே என்றார். அதற்குத்தானே மாத்திரை என்றேன். நான் ஏதோ பாவகாரியம் செய்யச் சொன்ன மாதிரி மிரண்டு போய்ப் பார்த்தார். எனக்கு ஒன்றும் ஆகாது, தூங்குங்கள் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொன்னேன். முதல் மாதத்தில் அந்த வார்த்தை பாதி ராத்திரிக்குத் தாங்கியது. பிறகு ஒரு மணி நேரம். இப்போதெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அடுத்த பயம் வந்துவிடுகிறது.

போன வாரம் நடந்ததுதான் உச்சம். அலுத்துப்போய் வந்தவள் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டேன், முகம் தலையணையில் புதைந்தபடி. குளத்தில் ஒருவர் குப்புற மிதந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இவருக்கு இருபத்தேழு வருஷப் பழக்கம். யோசிக்க நேரம் எடுக்கக் கூடாது என்பதுதான் அதில் முதல் பாடம். யோசிக்கவில்லை. அக்குளுக்குள் கையைவிட்டு ஒரே புரட்டில் என்னை மல்லாத்திக் கட்டிலிலிருந்து தரையில் இழுத்துப் போட்டு, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து ஊதிவிட்டார். நான் விழித்த விழிப்பில் கொடுத்த அறை அவர் காதோடு சேர்த்து விழுந்தது. தரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது நான்தான். கல்யாணமாகி இவ்வளவு ஆவேசமாக ஒரு முத்தம் இப்போதுதானா என்று கேட்டேன். இவரும் சிரித்தார், காதைத் தடவிக்கொண்டே. பிறகு முகம் கழுவிவிட்டு வருவதாகப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வரவே இல்லை. குழாய்ச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் இருந்தது. நான் கேட்காத மாதிரி படுத்துக்கொண்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது.

அதற்கு நான்கு நாள் கழித்து, காலையின் கடைசி வகுப்பில், என்னிடம் படிக்கிற ஒரு நர்ஸ் பெண்ணுக்குப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தச் சொல்லித்தந்துகொண்டிருந்தேன். மெதுவா, மெதுவா என்று சொன்னது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது டமார் என்ற சத்தம். தெருவோரம் இருந்த பெரிய குப்பைத்தொட்டி உருண்டு கிடந்தது. அந்தப் பெண் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறாள். எல்லாரும் செய்கிற தப்புதான். அதற்குத்தானே என் பக்கம் ஒரு பிரேக். என் கால் அதில் இல்லை. நான் தூங்கிப்போயிருந்தேன். இருபது வருஷத்தில் இதுவரை இப்படி நடந்ததில்லை. குப்பைத்தொட்டிக்குப் பத்தடி தள்ளி, தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் தெருவைக் கடக்க நின்றிருந்தாள். அந்த நர்ஸ்தான் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவளை அவள் வீட்டில் விட்டுவிட்டு நேரே குளத்துக்கு வண்டியைவிட்டேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற கோபம். ஒன்று நீங்கள் தூங்க வேண்டும், இல்லையென்றால் நான் என் பழைய வீட்டுக்கே போய்ப் படுத்துக்கொள்கிறேன். வாக்கியம்கூடத் தயாராக இருந்தது.

மதிய நேரம், குளத்தில் நல்ல கூட்டம். குளோரின் வாடை மூக்கைப் பிடித்தது. இவர் நாற்காலி மேல் உட்கார்ந்திருந்தார். கையை ஆட்டினேன். இவர் பார்வை என் மேல் வந்தது, என்னையும் ஒரு தலையாக எண்ணிவிட்டுத் தாண்டிப் போய்விட்டது. கட்டின மனைவி கொதித்துப்போய் நிற்கிறாள், கண்ணை ஒரு நிமிஷம் நிறுத்தினால் என்ன குறைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது இவருடன் வேலை பார்க்கிற பெண் வந்தாள். சுருட்டை முடிக்காரி, இருபத்தைந்து வயது இருக்கும். நாற்காலிக்குக் கீழே வந்து நின்றவள் இவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு, உதடு அசைய எண்ணினாள். முப்பத்தொன்று என்றாள். இவரும் முப்பத்தொன்று என்றார். ஆழமான பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்டவர் களைத்திருக்கிறார், ஒரு கண் வைத்துக்கொள் என்றார். இருந்தும் இறங்கவில்லை. அவள், "சரி சார், நான் பார்த்துக்கிறேன். நீங்க இறங்குங்க" என்று சொன்னாள்.

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் இவர் கண் தண்ணீரைவிட்டு நகர்ந்தது. தோள் இரண்டும் சட்டென்று இறங்கின. பதினோரு மாதத்தில் அந்தத் தோள்கள் இறங்கி நான் பார்த்ததில்லை. அவை அவ்வளவு உயரத்தில்தான் பிறவியிலேயே இருக்கின்றன என்று நினைத்திருந்தேன். ஏணியில் இறங்கி வந்து, என் எதிரில் நின்று, வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். பின்னால் முப்பத்தொரு பேர் தண்ணீரில் குதித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் இருக்கிறார்கள். ஒரு தடவைகூட இவர் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது யாராவது முங்கிப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவள் பார்த்துக்கொள்கிறாளே என்றார், என்ன கேள்வி இது என்கிற முகத்தோடு. அரை மணி நேரம்தான் ஒருத்தர் பார்க்கலாமாம். அதற்கு மேல் பார்த்தால் கண் பார்க்கும், மனசு பார்க்காதாம். எத்தனை பெரிய சூரனாக இருந்தாலும் அரை மணியில் இறங்கியாக வேண்டும், ஆனால் காவலை வாங்கிக்கொள்ள ஆள் வராமல் இறங்கக் கூடாது. தயாராக வைத்திருந்த வாக்கியத்தை நான் அங்கேயே விழுங்கிவிட்டேன். இந்த மனுஷன் என் பக்கத்தில் பதினோரு மாதமாக நாற்காலியைவிட்டு இறங்காமல் இருக்கிறார். வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை, அவ்வளவுதான். இது தெரியாமல் நான் டாக்டர் சீட்டை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இவர் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, காரில் வைத்துக் குப்பைத்தொட்டிக் கதையைச் சொன்னேன். தள்ளுவண்டியைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், சொல்லிவிட்டேன். ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் சாவியைத் திருப்பாமல் அப்படியே இருந்தார். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னைக்குக் குளத்துல போட்டி. நாள் பூரா நின்ன அலுப்பு, படுத்ததும் தூங்கிட்டேன். காலைல எழுந்து டீ போட்டு அவளுக்கும் கொண்டுவந்து வச்சேன். எழுப்ப மனசு வரலை. நல்லாத் தூங்கட்டும்னு ஃபேனைக் குறைச்சுவிட்டுட்டுப் போய்ப் பேப்பர் படிச்சேன். முழுப் பேப்பரும் படிச்சேன், டீச்சர். ராத்திரி ரெண்டு மணிக்கே போயிருக்கும்னு டாக்டர் சொன்னார்."

சாவியிலிருந்து கையை எடுத்துக் கியரின் மேல் வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷத்துல என் குளத்துல ஒரு தலை குறைஞ்சதில்லை. கை எட்டுற தூரத்துல இருந்தவளைப் பார்க்காம விட்டுட்டேன்" என்றார்.

நீங்கள் விழித்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. இதை ஆறு வருஷமாக எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். கியரின் மேல் இருந்த அவர் கையின் மேல் என் கையை வைத்தேன். அக்காவுக்காகவும் எனக்கு அழுகை வந்தது. ஆறிப்போன அந்த டீயை யார் எடுத்துக் கொட்டினார்கள் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

அன்று ராத்திரி பத்து மணிக்கு இவர் வழக்கம்போல் என்னைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்தார். நான் படுக்கவில்லை. தலையணையைச் சுவரில் சாய்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என்ன, தூக்கம் வரலையா என்றார். நான் கட்டிலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு தரம் பார்த்தேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். விளையாட்டு என்று நினைத்துவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

"ரெண்டு தலை. ரெண்டும் மூச்சு விடுது. நான் பார்த்துக்கிறேன். நீங்க இறங்குங்க."

இவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நீ எப்போது தூங்குவது என்றார். அரை மணி நேரம் கழித்து உங்களை எழுப்புவேன், அப்போது உங்கள் முறை, நான் தூங்குவேன் என்றேன். நீயும் தூங்கிவிட்டால் என்றார். உட்கார்ந்துகொண்டு தூங்க எனக்கு இது டிரைவிங் ஸ்கூல் காரா என்றேன். அந்த அசட்டு நகைச்சுவைக்கு இவர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். கண்டிப்பா எழுப்புவியா என்றார். எழுப்புவேன் என்றேன். படுத்தார். கண்ணை மூடினார், ஆனால் இமைக்குள் விழி ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை கண்ணைத் திறந்து பார்த்தார். எனக்கு ஒன்றும் ஆகாது என்று நுனிநாக்குவரை வந்ததை நிறுத்திக்கொண்டு, பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் என்று மட்டும் இரண்டு தடவையும் சொன்னேன். பதினோரு நிமிஷத்தில் குறட்டை வந்தது. கேட்டிராத குறட்டை. இப்படி ஒரு பாத்திரக்கடை இவருக்குள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பார்ப்பது சுலபமான வேலை இல்லை. முதல் பத்து நிமிஷம் இவர் புருவத்தில் இருக்கிற நரையை எண்ணினேன். பிறகு ஒரு குறட்டைக்கும் அடுத்த குறட்டைக்கும் நடுவே ஒரு இடைவெளி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மனசு எண்ணியது. அடுத்த மூச்சு வந்த பிறகுதான் நானும் விட்டேன். பயம் என்றால் பயம், அப்படி ஒரு பயம். நாற்பத்தெட்டு வயதுவரை தனியாக, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவள் நான். இந்த மனுஷன் இல்லாமல் போனால் நான் என்ன ஆவேன் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக நினைத்தேன். இவரை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

அரை மணி ஆனது. எழுப்ப வேண்டும். எனக்கு மனசே வரவில்லை. வாயைத் திறந்து, ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டு, பச்சைக் குழந்தை மாதிரி தூங்குகிறார். பாவம், எத்தனை நாள் தூக்கம். நானும் சத்தமில்லாமல் அப்படியே சரிந்து படுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. எனக்கும் கண் எரிந்தது. ஆனால் காலையில் இவர் எழுந்து பார்க்கும்போது என்ன தெரியும்? இருவரும் தூங்கியிருக்கிறோம், யாரும் பார்க்கவில்லை என்று தெரியும். அக்கா போன அதே காலை மாதிரி. அதற்குப் பிறகு நான் ஆயிரம் தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாலும் இவர் இறங்கமாட்டார். இறங்கு என்று சொல்லி இறக்கிவிட்டு ஏமாற்றினால், சொல்லாமல் இருந்ததைவிட மோசம். எழுப்பினாலோ, நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுவார், இன்றைக்குத் தூக்கம் அவ்வளவுதான். இரண்டு நிமிஷம் அதிகமாகவே எடுத்துக்கொண்டேன். பிறகு தோளைத் தொட்டு உலுக்கினேன்.

"ஏங்க. அரை மணி ஆச்சு. உங்க முறை."

கண்ணைப் பாதி திறந்தார். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சொன்னபடி எழுப்பியிருக்கிறேன் என்பது இவர் முகத்தில் மெல்லப் பதிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து உட்காரப் போகிறார் என்று தலையணையை நகர்த்தி இடம்கூடப் போட்டேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் நீயே பார்த்துக்கோ, டீச்சர்."

சொல்லிவிட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தெளிந்து சொன்னாரா, தூக்கத்தில் சொன்னாரா, தெரியவில்லை. பதினோரு மாதத்தில் படுக்கையில் இவர் முதுகை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வெயிலில் கறுத்த கழுத்து பனியன் விளிம்போடு நின்றுவிட, அதற்குக் கீழே யாரும் பார்க்காத வெளிர் நிறத்தில், அகலமாக, அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.